காசிநாதனின் கடைவாய்ப் பல்

"பல்லு தாங்கிடுச்சாம்மா?"

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தபடி காசிநாதன் போனில் கேட்டார்.

"எங்க புரொபசர் சார் இன்னும் வரலப்பா. அவர் வந்துதான் பாக்கணும். முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு மகள் நர்மதா வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பெயர் அரியமுத்து. ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"உங்களுக்கும் பல்லுங்களா? போன மாசம் அடைச்சது, நேத்து சோத்தோட பேந்து வந்துடுச்சு. நீங்க யாருகிட்ட காட்டறீங்க?"

"எம் பொண்ணுகிட்டத்தாங்க. பெரம்பலூர்ல பல் டாக்டருக்கு மேல்படிப்பு படிக்குது. அடைச்சது ஏன் பேந்து வருதுன்னுதான் அதோட ஆராய்ச்சியே."

"ஏனாம்?"

"சொத்தையைச் சொரண்டி மருந்து வச்ச இடத்துல, சவ்வு மாதிரி ஒண்ணு நிக்குமாம். அதுமேல பசை தடவினா பிடிமானம் இருக்காதாம். அன்னாசிப்பழத்துலேர்ந்து ஒரு என்சைம் எடுத்துத் தடவினா, அது அந்தச் சவ்வைக் கரைச்சுடுமாம். அப்புறம் பசை பல்லுக்குள்ளயே எறங்கிப் புடிச்சுக்குமாம்."

"அப்ப அன்னாசி தின்னா போதுமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். சிரிக்குது."

அரியமுத்து கன்னத்தைத் தடவிக்கொண்டார். "உங்க பல்லுல அதைத் தடவித்தான் அடைச்சிருக்காங்களா?"

"ஆமாங்க. இன்னைக்குத்தான் தாங்குதா இல்லியான்னு தெரியும்."

"தாங்கலேன்னா?"

"ஒரு வருச உழைப்பு போச்சுங்க. புள்ள மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். முந்திரித் தோப்புல நின்னாலும் நெனப்பு பூரா அந்தப் பல்லுலதான். காலையிலேர்ந்து பச்சத்தண்ணி எறங்கல."

"அந்தப் பல்லுல மெல்ல பயமாத்தான் இருக்கும்" என்றார் அரியமுத்து பரிவோடு.

காசிநாதன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயங்கொண்டத்துக்குள் பஸ் நுழையும்போது அது அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. கண் கலங்கிவிட்டது.

"நல்லதும்மா. ரொம்ப நல்லது. நீ மொதல்ல சாப்புடு."

"தாங்கிடுச்சுங்களா?"

"தாங்கிடுச்சுங்க. எவ்வளவு இழுத்தும் அடைப்பு வுடலியாம். கடைசியில பல்லுதான் ஒடைஞ்சு போச்சாம்."

அரியமுத்து திகைத்தார். "என்னங்க இது, பல்லு ஒடைஞ்சதுக்கா இவ்வளவு சந்தோசம்? உங்களுக்கு வலிக்கலியா?"

காசிநாதன் வாயைப் பெரிதாகத் திறந்து, கடைவாயில் காலியாக இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஈறு தளர்ந்து தீவாளிக்கு முன்னாடியே புடுங்கின பல்லுங்க. ஆராய்ச்சிக்கு வேணும்னு கேட்டுச்சு, குடுத்துட்டேன்."