எண்பத்திரண்டு ஹெர்ட்ஸ்

கணவர் இறந்தபின் அவளுக்கு மிஞ்சிய குரல் ஃபோனில் பதிவான ஒரு நிமிடப் பேச்சுதான். "கடையில நிக்கறேன், பல்பு எத்தனை வாட்ஸ்னு சொல்லு" என்று ஆரம்பிக்கும். அவருக்குக் கனத்த குரல். ஆனால் ஹாலில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் அந்தக் கனம் மட்டும் காணாமல்போய், யாரோ பேசுவதுபோல இருந்தது.

சோபாவில் மைக் வைத்து ஒலியை அளந்தாள். வரைபடத்தில், அவர் குரலின் கனம் இருக்கவேண்டிய எண்பத்திரண்டு ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு பள்ளம். சோபாவை நகர்த்தினாள். மூலைகளில் மெத்தைகளை அடுக்கினாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த இடத்தை எவ்வளவு ஏற்றியும் பள்ளம் அப்படியேதான் இருந்தது. ஒரு வாரம் சரியான சாப்பாடு இல்லை. கடைசியில் வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் கீழ்வீட்டுப் பெண் வந்தாள்.

"அக்கா, யாரு வந்திருக்கா? காலையிலேர்ந்து மேல ஒரு ஆம்பளைக் குரல், 'வீட்ல யாரும் இல்லையா'ன்னு கேட்டுட்டே இருக்கு."

அவள் கீழே ஓடினாள். சீலிங் வழியாக அவர் குரல் முழுக் கனத்தோடு இறங்கியது. மேலே ஓடினால் ஹால் காலி, சத்தமே இல்லை. கீழே வந்தால் மறுபடி கேட்டது. நாலு தடவை ஏறி இறங்கியதில் கால் துவண்டுவிட்டது.

"நீ போய் நான் இங்க இருக்கேன்னு சொல்லும்மா" என்று கெஞ்சினாள்.

கீழ்வீட்டுப் பெண் பயந்துகொண்டே மேலே போனாள். அறை அறையாகத் தேடிவிட்டு, ஹாலில் நின்று கத்தினாள்.

"அக்கா, இங்க யாருமே இல்லையே!"

"அப்படியா, சரிங்க" என்றது சீலிங் வழியாக அவர் குரல்.

மேலே வாசல்வரை காலடிகள் கேட்டன. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.