சுற்றிப் போன பந்து

"உனக்குத் திமிருடா. வேற ஒண்ணும் இல்லை."

உதவிப் பயிற்சியாளர் டிவியை நிறுத்தினார். திரையில் பந்தும் கையுமாகக் குருவி பாதி ஓட்டத்தில் நின்றுபோனான். எதிரே நாற்காலியில் நிஜக் குருவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஆள் குள்ளம், காலில் சக்கரம். அதனால் அந்தப் பெயர். அந்தக் கூடைப்பந்து கிளப்பின் கார்டு அவன்தான். பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அவன் வேலை.

சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு தாள். பலம், பலவீனம், இந்த சீசன் எப்படி என்று மூன்று கட்டம். எழுதுபவர் உதவிப் பயிற்சியாளர். மேனேஜர் கடைசிக் கட்டத்தை மட்டும் படிப்பார். ஆளை வைத்துக்கொள்வதும் வீட்டுக்கு அனுப்புவதும் அந்த ஒரு வரியில்தான்.

"பலம் எழுதிட்டேன். வேகம், தம், எதிராளி கையிலேருந்து பந்தைத் தட்டறது. அதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லை. இப்ப பலவீனத்துக்கு வருவோம். இதைப் பாரு."

படம் மறுபடி ஓடியது.

"மாமா கூடைக்குப் பக்கத்துல தனியா நிக்கிறாரு. நீ அவருக்கு இடப்பக்கம். அங்கேருந்தே கொடுத்தா ரெண்டு பாயிண்ட். நீ என்ன பண்றே? ஊரைச் சுத்தி வலப்பக்கம் வந்து கொடுக்கிறே. அதுக்குள்ள எதிராளி வந்து குறுக்கே நின்னுட்டான்."

மாமா அணியிலேயே மூத்தவர். முப்பத்தாறு வயது. ஆட்டக்காரர்களில் அவருக்கு முன்னால் பிறந்தவர் யாரும் இல்லாததால் எல்லோருக்கும் மாமா. உதவிப் பயிற்சியாளருக்குக்கூட.

"ஒரு தடவைன்னா விட்டுடுவேன். போன சீசனோட முப்பத்திரண்டு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தாச்சு. ஒரு தடவைகூட நீ நேரா கொடுக்கலை. மத்தவங்களுக்கெல்லாம் எந்தப் பக்கமிருந்தும் கொடுக்கிறே. மாமான்னா மட்டும் என்ன இளக்காரம்?"

குருவி திரையில் தெரிந்த மாமாவைப் பார்த்தான்.

"பழக்கம் ஆயிடுச்சு சார்."

"மாத்திக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கடைசிக் கட்டத்தை நல்லபடியா எழுதித் தரேன். வீட்டுக்காரி மாசமா இருக்கான்னியே, அதையாவது நினைச்சுப் பாரு."

குருவி தலையை அசைத்து மறுத்தான்.

"அது முடியாது சார். நீங்க பார்த்ததை எழுதிக்குங்க."

உதவிப் பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர் அவர். பந்தைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தாலும் கண் மட்டும் கழுகுக் கண் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இன்னொரு தாளை எடுத்து அவன் முன்னால் வீசினார்.

"மாமாவோட தாள். படி. படிச்சாவது புத்தி வருதான்னு பார்ப்போம்."

குருவி படித்தான். 'பலம்: தன்னிடம் வரும் பந்தைத் தவறவிடுவதே இல்லை. இந்த சீசனும் தாங்குவார்.'

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பேனாவை எடுத்தார்.

'பலவீனம்: தலைக்கனம். வேண்டுமென்றே பந்தைத் தாமதிக்கிறான். இந்த சீசன்: அணிக்கு உதவமாட்டான்.'

அடுத்த வாரம் குருவியின் அலமாரி காலியாக இருந்தது.

புதிய கார்டு வந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பையன். முதல் நாள் பயிற்சியிலேயே பந்தோடு பாய்ந்தான். மாமா கூடையருகே தனியாக நின்றார். பையன் அவருக்கு இடப்பக்கம்.

"நேரா கொடு! சுத்தாதே!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார் உதவிப் பயிற்சியாளர்.

கொடுத்தான்.

பந்து மாமாவின் இடக் கன்னத்தில் பட்டென்று அறைந்தது. மனிதர் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாமா, பகல் தூக்கமா?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

உதவிப் பயிற்சியாளர் சிரிக்கவில்லை. அவர் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். பந்து முகத்துக்குச் சாண் தூரத்தில் வந்தபோதும் மாமா கையைத் தூக்கவில்லை. இமைகூட அடிக்கவில்லை.

பையன்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மாமா, இந்தக் கண்ணு..."

"போய் ஒண்ணரை வருஷம் ஆச்சு சார். குருவிக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். எனக்கு வர்ற பந்தெல்லாம் அவன் கை வழியாவே, வலப்பக்கமாவே வர்ற மாதிரி பார்த்துக்கிட்டான்."

"அவனை அனுப்பினப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"வந்தேன் சார். உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். 'எனக்கு வேற டீம் கிடைக்கும் மாமா, உங்களுக்குக் கிடைக்காது'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். நானும் வெட்கமில்லாம அவன் பின்னாடியே போயிட்டேன்."

"கிடைச்சுதா?"

"இல்லை சார். எந்த கிளப்புக்குப் போனாலும் நீங்க எழுதினது அவனுக்கு முன்னாடி போய் நிக்குது. தலைக்கனம் பிடிச்சவனை யார் சேர்த்துப்பாங்க?"

மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டே, பார்வை இருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வர்ற பந்தைத் தவறவிடுறதே இல்லைன்னு என் தாள்ல எழுதியிருந்தீங்களே சார், அது அவன் தாள்ல எழுத வேண்டியது."