தேய்க்காத இடம்

குளியலறையில் வழுக்கி விழுந்து செல்லபாய் வலது கையை முறித்துக்கொண்ட பிறகு, அந்தத் தரையை ஒரு கை பார்த்துவிடுவது என்று அவள் கணவர் ஞானமுத்து இறங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் தரை தேய்க்கும் பிரஷ்ஷைத் தொட விட்டதில்லை. மாவுக்கட்டோடு குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“குழாய்க்கு அடியில விட்டுட்டீங்க. பக்கெட்டுக்குப் பின்னால யாரு தேய்ப்பா?”

மனிதர் நட்டநடுவில் நின்று, தன்னைச் சுற்றிலும் பிளீச்சிங் பவுடரைத் தூவி, நீளக் கம்புப் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாதத்தை மட்டும் பெயர்க்கவேயில்லை. முடித்ததும் நுரைக்கு நடுவே அப்படியே நின்றார்.

“ஏட்டி, வழுக்குது. கையைக் குடு.”

சிரிப்பை அடக்கமுடியாமல் இடது கையை நீட்டி வெளியே இழுத்தாள். தண்ணீர் ஊற்றியதும் தரை பளிச்சென்று வெளுத்தது. நடுவில் மட்டும் பழுப்பாக இரண்டு பாதங்கள்.

“அதையும் தேச்சிருதேன்.”

“போதும், வாங்க. காப்பி ஆறுது.”

கட்டுப் பிரித்ததும் பிரஷ் அவள் கைக்குத் திரும்பியது. மற்ற இடமெல்லாம் முன்போலவே மின்னியது. நடுவுக்கு வந்தால் மட்டும் பிரஷ் வளைந்து போகும். குளிக்கும்போது அந்தத் தடங்களில்தான் நிற்பாள். விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும்.

ஊரிலிருந்து வந்த தங்கை அதைப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தாள்.

“உன் வீட்டுலயா இப்படிக் கறை? கொஞ்சம் ஆசிட் ஊத்துனா போயிருமேக்கா.”

செல்லபாய் திரும்பி நின்றாள்.

“ஊத்திருவியா நீ?”