திருத்தியவர்களின் பெயர்கள்

பார்வையற்ற ஆசிரியர் தனசீலன் தன் மடிக்கணினியோடு மெஹருன்னிசாவின் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். திரையில் உள்ளதை அவருக்கு வாசித்துச் சொல்லும் அந்தக் கணினி ஒரு வாரமாக உயிர்பெறவே இல்லை. தயாரித்த நிறுவனம் கைவிரித்துவிட்டது. ஆனால் கணினியை எழுப்பும் மூல நிரலை யார் யாரோ எழுதி, இணையக் களஞ்சியத்தில் எல்லோருக்குமாக வைத்திருந்தார்கள். அவள் அதைத் தன் கடைக் கணினியில் பதிவிறக்கினாள். கூடவே, இருபது வருடமாக அதைத் திருத்தியவர்களின் பட்டியலும் இறங்கியது. உருட்ட உருட்ட முடிவதாக இல்லை. அவள் கை நின்றுவிட்டது.

“என்னம்மா, சத்தத்தையே காணோம்?”

“ஆளுங்க சார், ஆயிரக்கணக்குல. நேத்துகூட யாரோ ஒருத்தர் உங்க மாடலுக்குன்னே ஒரு வரி திருத்தியிருக்கார்.”

“பேரு போட்டிருக்கா?”

“எல்லார் பேரும் இருக்கு.”

“வாசிம்மா.”

முதல் பெயரை அவள் வாசித்ததும், தனசீலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அடுத்த பெயருக்காகக் கைகூப்பி நின்றார்.