குடலில் பிடி இல்லாதவர்கள்

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா வாளியோடு போகிறாள்.

காலையிலிருந்து இது ஒன்பதாவது வாளி. எண்ணாமல் இருக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

இந்த முதியோர் இல்லத்தின் மாடியில் பதினோரு பேர் முந்தாநாளிலிருந்து வாந்தி எடுக்கிறார்கள். அவர்களைக் கவனித்த மூன்று பணிப்பெண்களும் படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் மாடிப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம் என்கிறார்கள்.

எங்கள் இரண்டு பேர் கதை மட்டும் வேறு.

போன வருடம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, இங்கே வேலை பார்க்கிற எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு குழாய் எச்சில் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த வாந்திக் கிருமி குடலில் ஒட்டிக்கொள்ள ஒரு பிடி வேண்டுமாம். ரத்த வகையோடு சேர்ந்த சமாச்சாரம்தான் அந்தப் பிடி. அது எச்சிலில் இல்லாதவர்களுக்குக் குடலிலும் இருக்காது. கிருமி வந்த வழியே போய்விடும். அம்மாவும் அப்பாவும் கொடுத்துவிட்டுப் போகிற சொத்து, ஐந்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும் என்றார்கள். நூற்றுக்கு நூறு நம்பக் கூடாது என்றும் சொன்னார்கள். அதை யார் காதில் வாங்கினார்கள்?

முடிவு வந்தபோது பிடி இல்லாதவர்கள் என்று இரண்டே பெயர்கள் இருந்தன. அக்காவும் நானும்.

அன்றிலிருந்து அவள் அலட்டல் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பென்சில்கூடப் பரிசு வாங்காதவள், அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை மேட்ரன் எங்களைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டியவர், அக்காவைப் பார்த்துத் தயங்கினார்.

அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை ஊசி. முன்பு ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கே எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். உனக்கு வாந்தி மட்டும் வரக் கூடாது, வந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று அங்கே எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

“எனக்குத்தான் வராதே மேடம்,” என்று அக்கா உறையோடு காகிதத்தை நீட்டினாள். கையோடு கொண்டுவந்திருக்கிறாள், பாவி.

முதல் நாள் நான் போகிறேன் என்றேன். மூத்தவள் யார் என்று ஒரு முறை முறைத்துவிட்டு, முகமூடியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கீழே சலவை அறையில் வேலை. அழுக்கு விரிப்பு மூட்டையை வாங்குகிற சாக்கில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாடியேறி இந்தக் கதவுக்கு வந்துவிடுகிறேன். நின்றால் உட்காரத் தோன்றுகிறது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரே விரிப்பை மூன்று தரம் மடித்தேன், மூன்று தரமும் கோணல்.

“கால்ல சக்கரமா கட்டியிருக்க? அவங்களுக்கு வராதுன்னு எழுதியே குடுத்துட்டாங்களே,” என்று சலவை அண்ணன் சிரித்தார்.

எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தபோது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அக்கா தங்கை என்றால் இந்த எச்சில் விஷயம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்?

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒரே வீட்டுல ஒருத்திக்கு வரும், இன்னொருத்திக்கு வராது. அதுக்குத்தானே தனித்தனியா எடுத்தாங்க.”



எங்கள் இரண்டு பேர் அட்டையிலும் ரத்த வகை ஓ பாசிட்டிவ். ஒரே வயிற்றில் பிறந்து ரத்தமும் ஒன்று என்றால் மற்றதெல்லாம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள். நானும் மண்டையை ஆட்டினேன். படித்தவள் மாதிரி ஆட்டினேன்.

கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். ஆறாவது கட்டிலில் இருக்கிற வாத்தியார் அவள் கை மேலேயே வாந்தி எடுத்துவிட்டு, கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அவள் அவர் வாயைத் துடைத்துவிடுகிறாள். குனிந்த வேகத்தில் முகமூடி மூக்குக்குக் கீழே இறங்கிவிட்டது. அதை ஏற்றிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இந்தக் கிருமி உள்ளே போய் ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம். அவள் நன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதிப்படவும் வழியில்லை.

கண்ணாடியைத் தட்டி, என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எனக்கென்ன என்பதுபோல் வயிற்றில் இரண்டு தட்டு தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மூட்டையைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். இனி ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டாள். விழிக்க வேண்டாம். விழிக்காமல் இருப்பதற்காவது அவள் இருக்க வேண்டும்.

மேட்ரன் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

“அக்காவ உடனே வெளிய கூப்பிடுங்க மேடம். அன்னைக்கு அவளுக்கு வாய் வறண்டுபோய் எச்சிலே வரல. ரெண்டு குழாய்லயும் துப்பினது நான்தான்.”