அதிராத குளிர்விப்பான்

வீட்டுக்கு வீடு இருக்கும் மனம் படிக்கும் பெட்டிகளின் குளிர்விப்பான் ஓயாமல் துடிப்பதால், திரையில் எல்லார் எண்ணங்களும் மங்கலாகவே வரும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் சென்னியப்பனுக்கு ஆலையில் வேலை. கடைசியில் துளியும் அதிராத ஒன்றைச் செய்துவிட்டான். பெருமை தாங்காமல் அதை முதலில் தன் வீட்டுப் பெட்டியிலேயே பொருத்தினான்.

மனைவி கோகிலவாணி குழம்பை ஊற்றி, "எப்படிங்க இருக்குது?" என்றாள்.

"அமிர்தமாட்டம் இருக்குது!"

திரையில் அவன் எண்ணம் பளிச்சென்று வந்தது: 'ஒரே உப்பு. வாயில வைக்க முடியல.'

கோகிலவாணி முறைத்தாள். அதற்குள் அவள் எண்ணமும் வந்துவிட்டது: 'கடையில வாங்குனதுன்னு தெரிஞ்சிருச்சோ?'

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவளே போய்த் திருப்புளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பழசையே மாட்டிருங்க. நாம குடும்பம் நடத்தோணுமல்லங்க?"