முளைத்த முடி

பாச்சலூர் பொன்னுவேலுக்கு வாழ்க்கையில் ஒரே குறிக்கோள், தன் வழுக்கைத் தலையில் முடி முளைக்க வேண்டும். மூன்று வருடம் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தான். பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. கடைசியில், பாருங்களேன், கருகருவென்று முளைத்தேவிட்டது! சீப்பு வாங்கினான். பெண் பார்க்கவும் நாள் குறித்தாகிவிட்டது.

அதற்கு முதல் நாள் வெள்ளனே பழனிக்கு பஸ் ஏறியவன், சாயங்காலம் தலையில் துண்டோடு திரும்பினான். அக்கா சிவபாக்கியம் துண்டை உருவினாள். சந்தனம் மணக்க மொட்டைத் தலை!

"ஏலே! விடிஞ்சாப் பொண்ணு பார்க்கப் போகணுமே!"

"முடி முளைச்சா மொட்டை போடுறேன்னு முருகன்கிட்ட வேண்டியிருந்தேனேக்கா."

"கூறுகெட்டவனே! இனி என்ன செய்யப்போற?"

"மறுபடியும் முளைக்கணும்னு வேண்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

"இந்தத் தடவை என்ன காணிக்கை சொன்ன?"

பொன்னுவேல் தலையைத் தடவினான்.

"அதேதான்க்கா."